எறும்பு மொய்க்காத செண்பகம்

போன மாதம் எங்கள் அடுக்குமாடியில் யாரோ பெற்ற பெண் ஒருத்தியை நான் அதட்டிவிட்டேன். என் மகளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

இங்கே மலையாள நாட்டில், கழக்கூட்டத்தில் மகள் வீட்டில்தான் இப்போது என் ஜாகை. கீழே உள்ள ஹாலில் சனிக்கிழமையானால் ஏதாவது வகுப்பு நடக்கும். ஒரு வாரம் யோகா, ஒரு வாரம் கேக். அன்றைக்குக் களிமண் பூ. ஐ.டி. கம்பெனிப் பெண்கள் நாலைந்து பேர் பாக்கெட்டில் வரும் வெள்ளை மண்ணை உருட்டி ரோஜா பண்ணிக்கொண்டிருந்தார்கள். லிஃப்டுக்குக் காத்திருந்த நான் வேடிக்கை பார்க்க நின்றேன். ஒரு பெண் ப்ரஷ்ஷை மஞ்சள் சாயத்தில் தோய்த்தாள். முடி பிரிந்து நின்றது. அதைக் கூராக்குவதற்காக உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

"எடுடீ வாயிலேர்ந்து!" என்று கத்தினேன்.

ஹால் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் பயந்துபோய்ச் சாயப் பெட்டியை எடுத்துக் காட்டினாள். "ஒரு குழப்பமும் இல்லா ஆன்ட்டி. நான்-டாக்ஸிக் ஆணு. நோக்கு, எழுதியிருக்கு."

விஷமில்லை என்று எழுதித்தான் இருந்தது. அவள்மேல் தப்பில்லை. ஆனால் என் வயதுக்காரர்களே, உங்களுக்குத் தெரியும், நாம் வளர்ந்த காலத்தில் எந்தப் பொட்டலத்தின்மேலும் எதுவும் எழுதியிருக்காது. லிஃப்டை மறந்து படியேறியே மேலே வந்தேன். ரிடையரான கெமிஸ்ட்ரி டீச்சர், பேரன் எடுத்தவள், ஒரு ப்ரஷ்ஷைப் பார்த்து இப்படிக் கத்துவதா என்று நீங்கள் கேட்பீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். என் சித்தியைப் பற்றி.

அப்போது நாங்கள் இதே ஊரில், கரமனை அக்ரஹாரத்தில் இருந்தோம். பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, நான், சித்தப்பாவின் மனைவியான சித்தி, எல்லோரும் ஒரே வீட்டில். சித்தப்பாவுக்கு பம்பாயில் உத்தியோகம். பங்குனியில் வந்து போனவர் நவராத்திரிக்குத்தான் லீவில் வருவார் என்று பேச்சு. அங்கே அவருக்கு இடம் சரியாக அமையவில்லை, அதனால் சித்தி எங்களோடு இருந்தாள். நான் நாலாம் வகுப்பு.

சித்திக்குத் திருநெல்வேலிப் பக்கம். அவள் பிறந்த தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கொலுவில் பொம்மைகளுக்கு நிஜப் பூ வைக்க மாட்டார்கள். நிஜப் பூ மறுநாள் வாடிவிடும், வாடிய பூவோடு அம்பாள் நிற்கக்கூடாது என்பார்கள். அதனால் அந்தத் தெருப் பெண்கள் களிமண்ணில் பூ செய்து பொம்மைக்குச் சாத்துவார்கள். சித்தி அதில் கெட்டிக்காரி. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது சீரோடு சீராக ஒரு தகரப்பெட்டி நிறைய மண் பூக்களும் வந்தனவாம்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். வெள்ளாயணி வயலிலிருந்து பால்காரி கொண்டுவரும் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, தெளியவிட்டு, அடியில் நிற்கும் வண்டலை மட்டும் எடுப்பாள். அதில் பஞ்சைப் பிய்த்துப் போட்டு, புளியங்கொட்டைப் பசை விட்டு, பூரிக்குப் பிசைகிற மாதிரி பிசைவாள். ஒரு மிளகளவு எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தால் இதழ். அதன் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். நார்த்தை முள்ளால் இதழுக்கு நரம்பு கீறுவாள். ஈர்க்குச்சியில் சுற்றி நிழலில் காயவைப்பாள். கடைசியில் சாயம்.

செண்பகம்தான் அவளுக்கு உயிர். ஒருநாள் பெரியம்மா கோவிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் தட்டில் கிடந்த செண்பகத்தை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டு போய்விட்டாள். சந்நிதியில் நின்று, பிரதட்சிணம் வந்து, நாலு பேரோடு பேசி, வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள்.

"அடி கள்ளி! மண்ணையா தலையில வெச்சுண்டு அம்பாள் முன்னாடி நின்னேன்? வாசனை இல்லையேன்னு எனக்குத் தோணித்து. என் மூக்குக்கு ஜலதோஷமாக்கும்னு நெனைச்சேன்."

அன்றைக்குப் பெரியம்மா சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவளுக்குப் பூ என்றால் பைத்தியம். தலையில் பூ இல்லாத பெரியம்மாவை நான் பார்த்ததே இல்லை. அன்று அந்த மண் செண்பகத்தை எடுக்காமல் ராத்திரி வரை வைத்திருந்தாள். சித்திமேல் அவளுக்குப் பிரியம் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிரியம் இருந்தது.

அந்த மழைக்காலத்தில் சித்திக்கு ஒரு குறை. செண்பகத்தின் மஞ்சள் சரியாக வரவில்லை. சமையல் மஞ்சள் வெளுத்தது. கடைச்சாயம் பச்சை தட்டியது. அப்போதுதான் மனயோலை கிடைத்தது. கதகளி வேஷக்காரர்கள் முகத்தில் பூசுவார்களே, அந்த மஞ்சள் கல். தமிழில் அரிதாரம் என்போம். சாலை என்ற பெயருள்ள எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நாட்டு மருந்து விற்கும் அண்ணாச்சியிடம் இருந்தது. அதைக் கல்லில் இழைத்துப் பசையில் குழைத்து ஒரு இதழில் தடவினாள். மரத்திலிருந்து அப்போதுதான் விழுந்த மாதிரி இருந்தது.

இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை ஒளித்துவைத்து உங்களைத் திடுக்கிட வைப்பதில் எனக்குப் பிரியமில்லை. அந்தக் கல் ஆர்சனிக். பாஷாணம். வேஷக்காரர்கள் அதை முகத்தில் பூசிவிட்டுக் கழுவினார்கள். என் சித்தி அதை ஆவணி முடிகிறவரைக்கும் தினம் தினம் தின்றாள்.

அணில்வால் முடியில் அவளே கட்டிய ப்ரஷ். இரண்டு இதழ் தீட்டினால் நுனி பிரிந்துவிடும். நாக்கில் வைத்து உதட்டுக்கு நடுவில் ஒரு இழுப்பு இழுத்தால் ஊசிமுனை. அவள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். மஞ்சளும் செம்மண்ணும் போட்டவரைக்கும் அதில் ஒன்றும் இல்லை.

அதைக் கண்டித்தது வீட்டில் ஒரே ஒருத்திதான். பெரியம்மா.

"என்னடி இது, எச்சல்? அம்பாளுக்குச் சாத்தற பூவை எச்சப் பண்ணிண்டு! இந்த ஆத்துல அது நடக்காது, கேட்டயா."

"சரி மன்னி, இனிமே பண்ணலை."

அவளால் விட முடியவில்லை. கைப்பழக்கம். பெரியம்மா கூடத்தில் இருந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள், ப்ரஷ்ஷை உதட்டில் ஓட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். நானும் சிரிப்பேன். பெரியம்மா கண்ணுக்கு எச்சில் பட்டது. எங்கள் யார் கண்ணுக்கும் வேறெதுவும் படவில்லை.

கர்க்கடக மாதம், நம் ஆடி, இந்த ஊரில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடாத மழை. கொடியில் போட்ட துணி காயாது, உப்பு நீராய்ப் போகும், சுவரில் பச்சை ஏறும். எறும்புகள் எல்லாம் வீட்டுக்குள் குடிவந்துவிடும். சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினாலும் எப்படியோ வந்துவிடும். புளியங்கொட்டைப் பசை என்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம். வெள்ளை நந்தியாவட்டை, சிவப்புச் செம்பருத்தி, சித்தி செய்த எந்தப் பூவையும் மொய்த்துக் காம்பைக் கொறித்துவிடும். மஞ்சள் செண்பகத்தை மட்டும் தொடாது. சாரியாக வரும் எறும்பு அந்தத் தட்டின் ஓரத்தில் நின்று, சுற்றிக்கொண்டு போகும். ஒருநாள் காலையில் சாயக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கரப்பான் பாச்சைகள் மல்லாந்து கிடந்தன.

"சித்தி, பாச்சை செத்துப்போச்சு."

"நல்லதாப் போச்சு. கூட்டித் தள்ளு. மனயோலைடீ, பூச்சி அண்டாது."

"நமக்கு ஒண்ணும் ஆகாதா?"

"போடி அசடு. கதகளிக்காரா மூஞ்சி பூரா பூசிண்டு விடிய விடிய ஆடறா. அவாளுக்கு என்ன ஆச்சு?"

அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. எனக்கு மட்டும் இல்லை, அதைக் கேட்டுக்கொண்டே மோர் கடைந்துகொண்டிருந்த என் அம்மாவுக்கும் போதுமானதாக இருந்தது.

சாலைக்குப் போகும்போது சித்தி என்னைத் துணைக்குக் கூட்டிப்போவாள். ஒரு குடைக்குள் இருவரும் பாதி நனைந்தபடி போவோம். அரிசி மூட்டை, வெல்லம், கயிறு, மண்ணெண்ணெய் எல்லாம் கலந்து வீசும் அந்தத் தெருவில் பாதிக்கடை நம் பாண்டி நாட்டுக்காரர்களுடையது. அண்ணாச்சி கடை வாசலில் நுழைந்ததும் சித்தியின் குரலே மாறிவிடும்.

"வாங்கம்மா. ஊருல நல்ல மழையாம்லா. தாமிரபரணில தண்ணி கரையைத் தொட்டுக்கிட்டுப் போவுதாம்."

"நெசமாவா அண்ணாச்சி? படித்துறை முங்கிட்டா?"

"முங்காம? கல்மண்டபத்துல பாதி வரைக்கும் ஏறிட்டுன்னு நேத்து வந்த லாரிக்காரன் சொன்னாம்லா."

சித்தி சிரிப்பாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அவளுக்கு அந்தக் கடையில் வேண்டியிருந்தது மனயோலை மட்டுமில்லை, அந்தப் பேச்சும்தான். பிறந்த ஊர்ப் பேச்சைக் கேட்க ஒரு கடை வாசல் கிடைத்தது, அவ்வளவுதான். அதை எதிர்வீட்டு மாமி பார்த்தாள். பார்த்ததை எங்கள் பெரியம்மாவிடம் வந்து சொன்னாள்.

கர்க்கடகம் பாதியில் சித்தி வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். காலையில் பல் தேய்க்கும்போது முதலில். அப்புறம் சாப்பிட்டவுடன். முகம் சுண்டிப் போயிற்று. இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாள். பாதத்தில் எறும்பு ஊர்வதாகச் சொல்லிச் சொல்லித் தட்டிவிடுவாள். நான் குனிந்து பார்ப்பேன். எறும்பு இருக்காது.

பெரியம்மா ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் காலத்தில் பெண்கள் மாதம் மூன்று நாள் கொல்லை அறையில் ஒதுங்கி உட்கார வேண்டும். யார் உட்கார்ந்தாள், யார் உட்காரவில்லை என்பது வீட்டுக்கே தெரியும், ஊருக்கே தெரியும். சித்தி போன மாதமும் உட்காரவில்லை, இந்த மாதமும் உட்காரவில்லை. உடம்பில் ரத்தம் சுண்டினால் அதுவும் நிற்கும் என்று இன்றைக்கு எந்த நர்ஸும் சொல்வாள். பெரியம்மாவுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். புருஷன் பம்பாய் போய் எத்தனை மாதம் என்று அவள் கணக்குப் போட்டுவிட்டாள்.

அதோடு நின்றிருந்தால்கூட ஒருவேளை பொறுத்திருப்பாள். ஒருநாள் மத்தியானம் சித்திக்குத் தலை பின்னிவிட உட்கார்ந்தவள், சித்தி திரும்பி ஏதோ சொன்னதும் சீப்பைக் கீழே போட்டாள்.

"வாயை ஊது."

"என்ன மன்னி?"

"ஊதுடீன்னேன்."

சித்தி ஊதினாள். பெரியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"பூண்டு."

எங்கள் வீட்டில் பூண்டு நுழைந்ததில்லை. வெங்காயமே விசேஷமில்லாத நாளில்தான். எங்கள் அம்மாவையும் கூப்பிட்டு முகரச் சொன்னாள். அம்மா முகர்ந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் அருகில் போய் முகர்ந்தேன். சாலையில் சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டும்போது வருகிற வாசனை, ஐயமே இல்லை. ஆர்சனிக் உடம்பில் ஏறினால் மூச்சில் பூண்டு வீசும். இது உலகத்தில் எத்தனையோ பேருக்குத் தெரிந்த விஷயம். பூண்டு சாப்பிடுகிற வீடாக இருந்தால் அந்த வாசனையை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள், சித்தியும் குற்றவாளி ஆகியிருக்க மாட்டாள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம். இவள் வேறு யார் வீட்டிலோ சாப்பிடுகிறாள்.

"எங்கேடி தின்னே? அந்தக் கடைக்காரன் ஆத்துலயா?"

"மன்னி, நான் எங்கயும் ஒண்ணும் தின்னலை."

"வாந்தி என்னத்துக்கு? ஒதுங்கி உக்காரலையே, அது என்னத்துக்கு? சின்னக் கொழந்தையைக் குடைக்குள்ள கூட்டிண்டு போனா ஊர் வாய் மூடிண்டுடும்னு நெனைச்சயாக்கும்!"

பெரியப்பா வாசல் நடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் தாழவில்லை. சித்தி எழுந்து, அன்றைக்குத் தீட்டிவைத்திருந்த செண்பகம் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"அம்பாளுக்குன்னு பண்ணின பூ இது மன்னி. இதுமேல சத்தியம். என் வயத்துல ஒண்ணும் இல்லை. என் மனசுலயும் ஒண்ணும் இல்லை."

"எச்சப் பூமேல சத்தியமா!" என்றாள் பெரியம்மா.

சித்தியை மச்சில் வைத்தார்கள். வைத்தார்கள் என்றுதான் வீட்டில் சொன்னார்கள், பூட்டினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஏணிப்படிக்கு மேல் பலகைக் கதவு, அதற்குக் கீழ்ப்பக்கம் தாழ்ப்பாள். டாக்டரை அழைக்கலாமா என்று அப்பா ஒருமுறை வாயெடுத்தார். நாலு வீடு தள்ளித்தான் டாக்டர் வீடு.

"அழைச்சுண்டு வா. நாளைக்கே கரமனை முழுக்க சிரிக்கட்டும்," என்றார் பெரியப்பா. அப்பா கையில் எடுத்த குடையை மூலையில் சாத்திவைத்தார்.

சும்மா இருந்தால் அழுது கூப்பாடு போடுவாள், அக்கம்பக்கம் கேட்கும் என்று அவளுடைய சாமான்களை எல்லாம் மச்சுக்கே ஏற்றிவிட்டார்கள். களிமண், முள், ப்ரஷ், மனயோலைக் கிண்ணம். நவராத்திரிக்கு அம்பாள் பொம்மைக்குச் செண்பக மாலை பண்ணு என்று அம்மாதான் சமாதானமாகச் சொல்லி ஏற்றினாள். கருணை என்று நினைத்துத்தான் செய்தாள். அங்கே எச்சில் என்று சொல்ல யாரும் இல்லை. சித்தி சுவர்ப்பக்கம் திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை.

எனக்கு மட்டும் மேலே போக அனுமதி உண்டு. ஸ்கூல் விட்டு வந்ததும் போவேன். மழை ஓட்டின்மேல் விழும் சத்தத்தில் அவள் பேசுவது பாதி கேட்காது. ஒவ்வொரு நாளும் அவள் இளைத்திருந்தாள். சீப்பை வைத்தால் முடி கற்றையாக வந்தது. விரல் நகங்களில் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது என்று நான் சுரண்டிப் பார்த்தேன். போகவில்லை.

"சித்தி, இந்த இதழ் தடியா இருக்கே."

அவள் அந்த இதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"விரல்ல ஒண்ணுமே தெரியலடீ. மண்ணைத் தொடறேனா இல்லையான்னே தெரியலை. கண்ணால பாத்துப் பாத்துப் பண்றேன்."

"அப்போ விட்டுடேன்."

"விட்டுட்டா? அவர் நவராத்திரிக்கு வருவார். மாலையைப் பாத்தா அவருக்குத் தெரியும், நான் இங்க என்ன பண்ணிண்டு இருந்தேன்னு. மன்னிக்கும் தெரியும். கெட்டது பண்றவ கை இப்படிப் பண்ணுமோ?"

இதைச் சொல்லிவிட்டு ப்ரஷ்ஷை உதட்டில் வைத்து இழுத்தாள். உதட்டோரம் மஞ்சள் கீற்று நின்றது. நான் என் பாவாடையால் துடைத்துவிட்டேன். அந்த மாலையை முடித்துவிட்டால் தன்னை நம்புவார்கள் என்று அவள் உறுதியாக நினைத்தாள். அதனால்தான் விடாமல் தீட்டினாள். எனக்கு இதுதான் ஆறவில்லை. தன் மானத்தைக் காப்பாற்றத்தான் அவள் அந்த விஷத்தைத் தின்றாள், விஷம் என்று தெரியாமல்.

ஓணம் வந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு பூவால் கோலமாய்ப் பூக்களம் போட்டார்கள். எங்கள் வாசலிலும் பெரியம்மா போட்டாள். மேலே மச்சு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் சித்தியின் முகம் தெரிந்தது. தெருப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கை ஆட்டினார்கள். அவள் கையைத் தூக்கினாள், ஆனால் மணிக்கட்டு தொங்கியது, ஆட்டவில்லை.

ஓணம் கழிந்து ஒரு மத்தியானம் கொல்லை வழியாக ஒரு மருத்துவச்சி வந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. பெரியம்மாவோடு கிணற்றடியில் நின்று தாழ்ந்த குரலில் பேசினாள். ஏதோ வேரும் பட்டையும் கொடுத்துவிட்டுப் போனாள். பெரியம்மா அதை இடித்துக் கஷாயம் வைத்தாள். வீடு முழுக்கக் கசப்பு வாசனை. வெண்கல டம்ளரில் ஊற்றி, தானே ஏறிப்போய், தன் கையாலேயே கொடுத்தாள்.

"குடி. உன் நல்லதுக்குத்தான். அவன் வரதுக்குள்ள எல்லாம் சரியாயிடும்."

சித்தி அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். குடித்துவிட்டாள்.

"குடிச்சுட்டேன் மன்னி. இனிமேலாவது நம்புவேளா?"

பெரியம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு இறங்கினாள். அதற்குப் பிறகு இரண்டொரு நாளில், மாளய பட்சத்தில், மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலை வேளையில் சித்தி போய்விட்டாள். பாலைக் கொண்டு ஏறிய அம்மாதான் முதலில் பார்த்தாள். மாலை முடிந்திருந்தது. காயவைத்த இடத்தில் கொடியில் தொங்கியது. கடைசிப் பூக்கள் தடித்துக் கோணலாக இருந்தன, முதலில் செய்தவை மரத்தில் பூத்தவை போலவே இருந்தன.

மஞ்சள் காமாலை என்று சொன்னார்கள். சித்தப்பாவுக்குத் தந்தி போய், அவர் வந்து சேர்ந்தபோது காரியம் பாதி முடிந்திருந்தது. அவர் மச்சுக்கு ஏறிப்போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கீழே வந்து, "ஏன் எனக்கு முன்னாடியே எழுதலை?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அவர் பம்பாய்க்குப் போனவர் அப்புறம் அந்த வீட்டுப் படியேறவில்லை. தீட்டானதால் அந்த வருஷம் கொலு வைக்கவில்லை. மாலை தகரப்பெட்டிக்குள் போயிற்று, பெட்டி மச்சிலேயே கிடந்தது.

பெரியம்மா அழுது நான் பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் தன் கையால் யாருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. மேடைமேல் வைத்துவிட்டு, "எடுத்துக்கோ," என்பாள். வீட்டுக்கு வந்தவர்கள் மரியாதை தெரியாதவள் என்று முணுமுணுத்ததுண்டு. ஒரு தடவை அவளுக்கு விஷஜுரம் கண்டு பிதற்றியபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். "என் கையால கொடுத்தேனே, என் கையால கொடுத்தேனே," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கஷாயம்தான் சித்தியைக் கொன்றது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். சொல்லப்போனால் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில், ஒரே சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு, அவளைக் கொலைகாரி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நான் பெரியவளானேன்.

காலேஜில் கெமிஸ்ட்ரி எடுத்தேன். ஒருநாள் லேபில் உப்புகளைச் சோதிக்கும்போது எங்கள் மேடம், "ஆர்சனிக்காக இருந்தால் பூண்டு வாசனை வரும், மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்," என்றார். அடுத்த மேஜையில் யாருடைய குழாயிலிருந்தோ அந்த வாசனை வந்தது. எனக்கு லேப் தெரியவில்லை, சீப்பைக் கீழே போட்ட பெரியம்மாவின் கைதான் தெரிந்தது.

அன்று மாலை மச்சில் ஏறிப் பெட்டியைத் திறந்தேன். இத்தனை வருஷத்தில் அதில் இருந்த வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பூச்சி அரித்துப் பொடியாகியிருந்தன. செண்பக மாலை மட்டும் அப்படியே இருந்தது. ஒரு பூவை எடுத்துப்போய், மஞ்சளைச் சுரண்டி, மேடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சோதித்தேன். சந்தேகமில்லை.

உடனே பெரியம்மாவிடம் ஓடினேன். அவளுக்கு விடுதலை கொண்டுபோவதாகத்தான் நினைத்தேன். அப்போது அவள் கொல்லைப்புற நடையில் உட்கார்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தாள். கொண்டையில் ஒரு துண்டு ஏற்கெனவே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கல், ப்ரஷ், பாச்சை, நகத்துக் கோடு, பூண்டு வாசனை.

"நீங்க கொடுத்த கஷாயம் இல்லை பெரியம்மா. அந்த மஞ்சள்தான். நீங்க கொல்லலை."

அவள் நாரைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"அப்போ அந்தப் பூண்டு நாத்தம்?"

"விஷத்தோட வாசனை. சித்தி யாராத்துலயும் ஒண்ணும் தின்னலை."

"ஒதுங்கி உக்காரலையே?"

"உடம்பு அப்படி ஆயிருந்தது. அவ வயத்துல ஒண்ணும் இருக்கலை."

"சத்தியம் பண்ணினாளே, பூவைக் கையில வெச்சுண்டு?"

"அது நெஜம்தான் பெரியம்மா."

பெரியம்மா நாரைக் கீழே வைத்தாள். மல்லிகை மடியில் அப்படியே கிடந்தது. இத்தனை வருஷமும் அவள் எதைப் பிடித்துக்கொண்டு உயிர் வாழ்ந்தாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கொன்றிருந்தாலும் குடும்ப மானத்துக்காகக் கொன்றோம், தப்பு பண்ணினவளைத்தான் கொன்றோம் என்று தனக்குத்தானே சொல்லிவைத்திருக்கிறாள். அதைத்தான் நான் பிடுங்கிக்கொண்டேன்.

"டாக்டரை அழைச்சுண்டு வந்திருந்தா?" என்று கேட்டாள்.

நான் கீழே சிந்தியிருந்த மல்லிகையைப் பொறுக்கினேன்.

"சொல்லுடீ. நாலாவது ஆத்துலதானே இருந்தார். கூப்பிட்டா ஓடி வந்திருப்பார். பொழைச்சிருப்பாளா?"

"மச்சுல ஏத்தறதுக்கு முன்னாடின்னா பொழைச்சிருப்பா."

பொய் சொல்லியிருக்கலாம் என்று என் அம்மா பிற்பாடு என்னைக் கோபித்துக்கொண்டாள். எனக்கு அதில் இன்றுவரை வருத்தமில்லை. சித்தி சொன்னது நிஜம் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்காவது தெரிந்தாக வேண்டியிருந்தது.

பெரியம்மா தலைக்குக் கையைக் கொண்டுபோனாள். கொண்டையிலிருந்த மல்லிகையை அவிழ்த்து, தொடுத்துக்கொண்டிருந்த சரத்தோடு சேர்த்து என் மடியில் வைத்தாள். எழுந்து உள்ளே போனாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, பூக்காரி வாசலில் நின்று குரல் கொடுத்தாள். பெரியம்மா வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு அவள் போகிற நாள் வரை தலையில் பூ வைத்துக்கொள்ளவில்லை.

வாசல் நடையில் பெரியப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் இன்னும் பல வருஷம் நன்றாக இருந்தார்.